செடியைப் பார்த்து மகசூல் சொல்லலாமா? கடுகை வைத்து ஒரு கணக்கு

கடலூர் மாவட்டத்தில் கடுகு பயிரிடும் ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. விருத்தாசலம் பக்கம் மல்லாட்டையும் (நிலக்கடலை) முந்திரியும், பண்ருட்டியில் பலா, நெல்லிக்குப்பத்தைச் சுற்றிக் கரும்பு, சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் நெல்லும் அதற்குப் பின் உளுந்தும். கடுகு என்றால் நமக்கு மளிகைக் கடையில் நூறு கிராம் பாக்கெட், அவ்வளவுதான். அதை விதைக்க வேண்டிய ஐப்பசியில் இங்கே மழை கொட்டிக்கொண்டிருக்கும். அது கேட்கும் குளிர் இந்தக் கடற்கரையில் மார்கழியிலும் கிடைக்காது. எனவே இதைப் படித்துவிட்டு யாரும் கடுகு விதைக்கப் போவதில்லை.

ஆனாலும் எழுத ஒரு காரணம் வந்தது. என் அக்கா மகள் அண்ணாமலை நகரில் வேளாண்மை படிக்கிறாள். விடுமுறைக்கு விருத்தாசலம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு வந்தவள் கையில் இரண்டு அட்டவணைகளோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். வடநாட்டுக் கடுகு ரகங்களை வைத்து நடந்த ஓர் ஆய்வை வகுப்பில் விளக்க வேண்டுமாம். செடியின் உயரம், கிளைகள், காய்கள், விதை எடை என்று ஒவ்வொரு குணத்துக்கும் மகசூலுக்கும் உள்ள உறவை எண்ணாகப் போட்டிருந்தார்கள்.

“மாமா, இந்த அட்டவணையில் உயரம் கூடினால் மகசூலும் கூடுகிறது. அடுத்த அட்டவணையில் அதே உயரத்துக்கு மைனஸ் போட்டிருக்கிறது. எது சரி?”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார். “ரெண்டும் சரிதான் பாப்பா. மல்லாட்டையில நான் பார்க்காததா? நோஞ்சான் செடியில காய் புடிக்காது. அதுக்காக மதமதன்னு நிக்கற செடியைப் புடுங்கினா, அதுலயும் நாலு காய்தான் தொங்கும்.”

அறுபது வருஷ அனுபவம் பேசியது அது. அதையே எண்ணில் எழுதினால் என்ன கிடைக்கும் என்பதைத்தான் அன்று மாலை அவளோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். அதற்குக் கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

செடியிலிருந்து மூட்டை வரை

வட இந்தியாவில் எண்ணெய்க்காகப் பயிரிடும் கடுகு பெரும்பாலும் பிராசிகா ஜன்சியா என்ற இனம். இது இரண்டு இனங்கள் இயற்கையில் கலந்து பிறந்த பிள்ளை. ஒரு பக்கம் பத்து ஜோடி குரோமோசோம், இன்னொரு பக்கம் எட்டு ஜோடி. இரண்டும் அப்படியே சேர்ந்து பதினெட்டு ஜோடி. நாகஹரு ஊ என்ற ஆய்வாளர் 1935-இல் இந்த உறவுமுறையை ஒரு முக்கோணமாக வரைந்து காட்டினார். கடுகு, முட்டைக்கோஸ், டர்னிப் எல்லாம் ஒரே குடும்பத்துப் பங்காளிகள் என்பது அந்தப் படத்தைப் பார்த்தால் விளங்கும். சரி, அது வேறு கதை.

செடி நன்றாக வளர்ந்தால் ஆள் உயரத்துக்கு வரும். நடுவில் முதன்மைத் தண்டு, அதிலிருந்து முதல் கிளைகள், அந்தக் கிளைகளிலிருந்து துணைக் கிளைகள். ஒவ்வொன்றின் நுனியிலும் மஞ்சள் பூங்கொத்து. கொத்தில் அடிப் பூ முதலில் மலரும், நுனிப் பூ கடைசியில். பூ காய்த்தால் விரல் நீளத்துக்கு மெல்லிய காய் வரும், பொம்மைக் கல்யாணத்துக்குச் செய்த முருங்கைக்காய் மாதிரி. காய்க்குள் நடுவே ஒரு மெல்லிய தடுப்பு, இரண்டு பக்கமும் விதை. ஒரு காயில் பத்து முதல் பதினைந்து விதை இருக்கும்.

இப்போது மகசூல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நெல்லில் நம்மவர்கள் மனக்கணக்காகவே போடுவார்கள்: எத்தனை தூர், தூருக்கு ஒரு கதிர், கதிரில் எத்தனை மணி, மணி திரட்சியா சாவியா (பதரா). கடுகிலும் அதேதான். வயலில் எத்தனை செடி, செடிக்கு எத்தனை காய், காய்க்கு எத்தனை விதை, விதை என்ன எடை. நான்கையும் பெருக்கினால் மகசூல்.

ஒரு விதையை நிறுக்க முடியாது என்பதால் ஆயிரம் விதை எடை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆசை விடவில்லை. அஞ்சறைப் பெட்டியிலிருந்து கடுகை எடுத்து ஆயிரம் எண்ணி (நடுவில் இருமுறை கணக்குத் தப்பியது), தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்தேன். மூன்று கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை எழுதவில்லை. வடக்கே எண்ணெய்க்கு விதைக்கும் ரகங்களில் ஆயிரம் விதை நான்கு, ஐந்து கிராம் சாதாரணமாக வரும். அதாவது அரைப் பவுன், அதற்குச் சற்று மேல். பூசா போல்டு என்று ஒரு ரகம் உண்டு. விதை திரட்சியாக இருப்பதால்தான் அந்தப் பெயர்.

ஒரு செடியில் 250 காய், காய்க்கு 12 விதை, ஆயிரம் விதைக்கு 4.5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 250 × 12 = 3,000 விதை. எடை 13.5 கிராம். ஒரு செடி மொத்தமாகத் தருவது கைப்பிடிக்கும் குறைவான கடுகு. வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர் விட்டால் ஏக்கருக்குச் சுமார் 60,000 செடி நிற்கும். 60,000 × 13.5 கிராம் = 810 கிலோ.

இது தாளில் வந்த மகசூல். வயலில் அசுவினிப் பூச்சி உறிஞ்சியது, வெள்ளைத் துரு நோய் தின்றது, காய் வெடித்துச் சிந்தியது எல்லாம் போக நாட்டின் சராசரி ஏக்கருக்கு 600 கிலோவை ஒட்டித்தான் நிற்கிறது.

ஒரே சம்பளம், நாலு செலவு

பெருக்கல் கணக்கைப் பார்த்ததும் அவள் கேட்டாள்: அப்படியானால் காயையும் கூட்டு, விதையையும் கூட்டு, எடையையும் கூட்டு, வேலை முடிந்ததே?

காகிதத்தில் முடியும். செடியிடம் நடக்காது. இலை வெயிலைப் பிடித்துச் செய்யும் சாப்பாடுதான் செடியின் சம்பளம். அது அளவானது. காய் அதிகம் வைத்தால் ஒவ்வொரு காய்க்கும் போகிற பங்கு குறையும். விதை சிறுக்கும், அல்லது காயில் நாலைந்து விதை நிரம்பாமல் போகும். பெரிய விதை வேண்டும் என்று ரகத்தைத் தேர்ந்துகொண்டே போனால் காய்க்கு விதை குறையும். பள்ளிக்கூட பீஸ் கட்டின மாதம் துணி எடுக்க முடியாது என்பது மாதிரி.

கடுகில் இன்னொரு வினோதம் உண்டு. பூத்து முடிந்ததும் இலைகள் பழுத்து உதிர ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு விதைக்குச் சாப்பாடு போடுவதில் பெரும்பங்கு பச்சைக் காய்த்தோலினுடையது. அதாவது காய் வெறும் பாத்திரம் இல்லை, அதுவே அடுப்பும்கூட. காய்களின் எண்ணிக்கை கடுகு மகசூலில் ஏன் இவ்வளவு பெரிய ஆள் என்பதற்கு இது ஒரு காரணம்.

எம். டபிள்யூ. ஆடம்ஸ் என்பவர் 1967-இல் பீன்ஸை வைத்து இந்த ஈடுகட்டலை விளக்கினார். காய், விதை, எடை என்று இந்த அங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகின்றன. முன்னால் வருவது கை நீட்டிச் செலவழித்தால் பின்னால் வருவது சுருங்கும்; முன்னது சிக்கனமாக இருந்தால் பின்னது தாராளமாக இருக்கும். செடிகளை நெருக்கி நட்டுப் பார்த்தாலே தெரியும். 45-க்கு 15 என்பதை 30-க்கு 10 ஆக்கினால் செடி எண்ணிக்கை இரண்டேகால் மடங்காகும். மகசூல் இரண்டேகால் மடங்காகாது. கிளை குறையும், செடிக்குக் காய் குறையும். மல்லாட்டையிலும் நெல்லிலும் நெருக்கி நட்டு ஏமாந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே எந்த ஒரு குணத்தையும் தனியாக எடுத்து ‘இது கூடினால் மகசூல் கூடும்’ என்று சொல்வது அரைகுறைப் பேச்சு. கூடவே எது குறைகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

முதல் அட்டவணை: கூட வருவது யார்

அவள் கையிலிருந்த முதல் அட்டவணையின் பெயர் ஒட்டுறவு. பிளஸ் டூவில் புள்ளியியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறினால் பிளஸ், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் மைனஸ், சம்பந்தமே இல்லையென்றால் பூஜ்யத்துக்குப் பக்கம். உச்சம் 1, அடிமட்டம் -1.

இதை வயலில் எப்படி எடுக்கிறார்கள்? முப்பது, நாற்பது ரகங்களைச் சின்னச் சின்னப் பாத்திகளில் விதைப்பார்கள். ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரே ஒரு பாத்தி என்றால் ஆபத்து. அந்தப் பாத்தியில் தற்செயலாக எரு அதிகம் கிடந்திருக்கலாம். அதனால் ஒவ்வொரு ரகமும் இரண்டு மூன்று இடங்களில், வரிசை மாற்றிச் சீட்டுப் போட்டு விதைக்கப்படும். பாத்தியின் நடுவிலிருந்து ஐந்தோ பத்தோ செடியைக் குருட்டாம்போக்கில் எடுத்து உயரம் அளப்பார்கள், கிளை எண்ணுவார்கள், காய் எண்ணுவார்கள். ஓரச் செடியைத் தொட மாட்டார்கள். அதற்கு வெயிலும் இடமும் தாராளம், அதனால் பொய் சொல்லும்.

அட்டவணையில் ஒட்டுறவு இரண்டு வகையாக இருக்கும். கண்ணால் பார்த்த அளவுகளை அப்படியே வைத்துப் போட்டது ஒன்று. மண், தண்ணீர் செய்த குளறுபடியைக் கழித்துவிட்டு, ரகத்தின் பிறவிக் குணத்துக்கு மட்டும் போட்டது இன்னொன்று. இரண்டும் ஒரே திசையில் இருந்து, பிறவிக் குணத்தின் எண் கொஞ்சம் பெரிதாக இருந்தால், அந்த உறவில் நிலத்தின் கைவரிசை குறைவு என்று பொருள்.

கடுகு ஆய்வுகளில் செடிக்குக் காய் எண்ணிக்கை, கிளைகள், முதன்மைத் தண்டின் காய்கள் ஆகியவை அடிக்கடி மகசூலோடு நல்ல பிளஸ் உறவு காட்டும். உயரமும் பல இடங்களில் பிளஸ்தான். இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். கூடவே வருகிறவன் எல்லாம் வேலை செய்கிறவன் இல்லை.

அவளுக்கு நான் சொன்ன உதாரணம் கடலூர் துறைமுகத்தில் நிற்கும் படகுகள். நீளமான படகு வைத்திருப்பவருக்கு வருமானம் அதிகம் என்று எழுதிப் பார்த்தால் பிளஸ் உறவு வரும். நீளமா சம்பாதித்தது? நீளமான படகில் பெரிய வலை ஏற்றலாம், ஐஸ் அதிகம் வைக்கலாம், கடலில் கூட நாலு நாள் நிற்கலாம். சம்பாதித்தது வலையும் ஐஸும். இப்போது வலையும் ஐஸும் நாளும் சமமாக இருக்கும் இரண்டு படகுகளை ஒப்பிட்டால்? நீளமானது கூடுதல் டீசல் குடிக்கும். கையில் நிற்கும் காசு அதற்குத்தான் குறைவு. நீளம் தானாகச் செய்வது மைனஸ், வலை வழியாகச் செய்வது பிளஸ்.

“உயரம்தான் படகு நீளமா?” என்றாள். அதேதான்.

இரண்டாவது அட்டவணை: எந்த வழியாக வந்தது

இப்படி ஒட்டுறவை வழி வழியாகப் பிரிக்கும் முறைக்குப் பாதைப் பகுப்பாய்வு என்று பெயர். அமெரிக்க மரபியல் அறிஞர் சூவால் ரைட் கண்டுபிடித்தது. கினி எலிகளின் நிறமும் எடையும் எதனால் மாறுகின்றன என்று மண்டையை உடைத்துக்கொண்டவர் அவர். 1921-இல் ஒட்டுறவையும் காரணத்தையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளம். பயிருக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் டூவி, லூ என்ற இருவர். 1959-இல் ஒரு புல்லின் விதை உற்பத்தியை வைத்துச் செய்தார்கள். நம் நாட்டில் பயிர் மரபியலில் இந்தக் கணக்கைப் போடும் ஆய்வேட்டைப் புரட்டினால் அந்த இருவர் பெயரும் வந்தே தீரும். எலியில் தொடங்கி, புல் வழியாக, கடுகுக்கு வந்து சேர்ந்த கணக்கு.

கணக்கைச் சின்னதாக்கிப் பார்ப்போம். இந்த எண்கள் நான் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை, எந்த ரகத்தினுடையதும் அல்ல. இரண்டே குணங்கள்: உயரம், காய் எண்ணிக்கை. உயரத்துக்கும் காய் எண்ணிக்கைக்கும் ஒட்டுறவு 0.7. உயரத்துக்கும் மகசூலுக்கும் 0.43. காய்க்கும் மகசூலுக்கும் 0.76.

ஒவ்வொரு ஒட்டுறவும் இரண்டு துண்டுகளின் கூட்டல். ஒன்று நேரடி விளைவு, அதாவது மற்றதெல்லாம் சமமாக இருக்கையில் அந்தக் குணம் தானாகச் செய்வது. இன்னொன்று மறைமுக விளைவு, அதாவது மற்றக் குணத்தின் தோளில் ஏறி வருவது. மறைமுக விளைவைக் கண்டுபிடிக்க, இரண்டு குணங்களுக்கும் இடையேயுள்ள ஒட்டுறவை மற்றக் குணத்தின் நேரடி விளைவால் பெருக்க வேண்டும்.

உயரத்தின் நேரடி விளைவை ‘உ’ என்றும் காயினுடையதைக் ‘கா’ என்றும் வைத்தால்:

உ + 0.7 × கா = 0.43
கா + 0.7 × உ = 0.76

பத்தாம் வகுப்புச் சமன்பாடுதான். தீர்த்தால் கா = 0.9, உ = -0.2. வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: -0.2 + 0.63 = 0.43. 0.9 - 0.14 = 0.76.

இப்போது அவள் கேள்விக்குப் பதில் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. உயரத்தின் 0.43 என்ற பிளஸ் முழுக்கக் காய் வழியாக வந்தது. உயரமான செடியில் கிளைவிட இடம் உண்டு, காய் கூடுகிறது, அதனால் 0.63 வரவு. உயரம் தானாகச் செய்தது 0.2 செலவு. தண்டு வளர்க்கப் போன சாப்பாடு விதைக்கு வரவில்லை, காற்றடித்தால் சாய்கிறது. இரண்டும் ஒரே செடியில், ஒரே நேரத்தில் நடக்கிறது. முதல் அட்டவணை நிகரத்தைச் சொன்னது. இரண்டாவது வரவையும் செலவையும் தனித்தனியாகக் காட்டியது. நிஜ ஆய்வில் இரண்டு குணத்துக்குப் பதில் பத்துப் பன்னிரண்டு இருக்கும், கணினி தீர்க்கும். முறை இதுவேதான்.

ரகம் தேர்ந்தெடுப்பவருக்கு இதனால் என்ன லாபம்? முதல் அட்டவணையை மட்டும் நம்பினால் உயரமான செடிகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டே போவார். சில தலைமுறையில் விறகு கிடைக்கும். இரண்டாவதையும் பார்த்தால் ‘உயரம் எப்படியோ இருக்கட்டும், காய் நிறைய உள்ளதை எடு, அதிலும் குட்டையாக இருந்தால் இன்னும் நல்லது’ என்று கை தானாகப் போகும்.

கடைசியில் ‘மீதி’ என்று ஒரு எண் இருக்கும். நம் உதாரணத்தில் அந்த இரண்டு குணங்களும் சேர்ந்து மகசூல் வித்தியாசத்தில் 60 சதவீதத்தைத்தான் விளக்குகின்றன. விளக்கப்படாத 40 சதவீதத்தின் வர்க்கமூலம் 0.63, அதுதான் மீதி விளைவு. விதை எடை, நோய், தண்ணீர் என்று நாம் அளக்காத எல்லாம் அதற்குள். ஆய்வைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். இது பெரிதாக இருந்தால், மேலே எழுதியிருக்கும் வீராப்பைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படிக்கலாம்.

ஒரு சின்னக் கண்கட்டு

அவளுடைய அட்டவணையில் மிகப் பெரிய நேரடி விளைவு எதற்கு இருந்தது தெரியுமா? செடியின் மொத்த எடைக்கும் அறுவடைக் குறியீட்டுக்கும். அறுவடைக் குறியீடு என்றால் வேர் போக மொத்தச் செடியின் எடையில் விதை எத்தனை பங்கு என்பது. இந்த இரண்டுக்கும் மிகப் பெரிய நேரடி விளைவு என்று கடுகு ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். அதனால் இவற்றை வைத்தே தேர்வு செய்யலாம் என்றும் எழுதுவார்கள்.

எனக்கு இதில் கொஞ்சம் சிரிப்பு வரும். மொத்த எடையை விதையின் பங்கால் பெருக்கினால் வருவதுதான் விதை மகசூல். அப்படித்தான் அந்தக் குறியீட்டையே வரையறுத்திருக்கிறோம். நீளத்துக்கும் அகலத்துக்கும் பரப்போடு நெருங்கிய உறவு இருப்பதைக் கண்டறிந்தோம் என்பது மாதிரி. தவறில்லை, ஆனால் செய்தியும் இல்லை. மேலும் இந்த இரண்டும் அட்டவணைக்குள் வந்துவிட்டால் மகசூல் வித்தியாசத்தையெல்லாம் அவையே விழுங்கிவிடும். காய், கிளை, விதை எடை ஆகியவற்றின் நேரடி விளைவு சுருங்கி ஒன்றுமில்லாததுபோல் தெரியும். புதிதாகப் படிக்கிறவர்கள் ‘காய் முக்கியமில்லை போல’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். மொத்த எடையைத் தூக்கிக்கொண்டு திரிய வழியில்லாத உழவருக்கு, எண்ணக்கூடிய குணங்கள்தான் உபயோகம்.

ஊருக்கு ஊர் மாறும் குறி

ஒரே குணம் ஓரிடத்தில் பிளஸாகவும் இன்னோரிடத்தில் மைனஸாகவும் வரலாம். அதற்குச் சரியான உதாரணம் வயது, அதாவது விதைத்ததிலிருந்து அறுவடை வரை ஆகும் நாட்கள்.

நாட்டின் கடுகில் ஏறத்தாழப் பாதி ராஜஸ்தானில் விளைகிறது. கடுகு ஆராய்ச்சிக்கென்றே இருக்கும் மத்திய நிறுவனமும் அங்கே பரத்பூரில்தான். அந்தப் பக்கம் ஐப்பசி வாக்கில் விதைத்து நீண்ட குளிர்காலத்தை முழுக்க அனுபவிக்கலாம். கொஞ்சம் அதிக நாள் நிற்கும் ரகம் அதிகக் கிளை விட்டு, அதிகக் காய் வைக்க நேரம் கிடைக்கும். அங்கே வயதுக்குப் பிளஸ் வர வாய்ப்புண்டு. ஆனால் மாசி, பங்குனியில் வெயில் சட்டென்று ஏறினால், பிந்திப் பூத்த ரகத்தின் விதை நிரம்பாமல் சுருங்கிவிடும். அந்த வருஷம் அதே வயது மைனஸ் காட்டும். ஒரே ஒரு பருவத்து ஆய்வை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

வங்காளம், அசாம் பக்கம் போனால் கதை வேறு. மழைக்கால நெல்லை அறுத்த பிறகுதான் கடுகுக்கு இடம் கிடைக்கும். விதைப்பு பிந்தும், குளிர்காலம் குட்டை. அங்கே தோரியா போன்ற சீக்கிரம் முடியும் இனங்களும் மஞ்சள் கடுகும்தான் பிழைக்கும். அந்த வயலில் ‘நீண்ட வயது நல்லது’ என்றால் சிரிப்பார்கள்.

நமக்கு இது புதிதில்லை. காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்து தெளிப்பார்கள். தரையில் மிச்சமிருக்கும் ஈரத்தில் அது எழுபது, எழுபத்தைந்து நாளில் முடிந்தாக வேண்டும். எவ்வளவு காய்க்கும் ரகமாக இருந்தாலும் நூறு நாள் ஆகும் என்றால் அந்த வயலுக்கு ஆகாது. அப்பாவின் மொழியில், ஈரம் இருக்கிற வரைக்கும்தான் விருந்து.

மண்ணும் குறியை மாற்றும். உப்பு ஏறிய நிலத்தில் முதல் கேள்வி எத்தனை காய் என்பதல்ல, எத்தனை செடி உயிரோடு நின்றது என்பதுதான். அதற்காகவே ஹரியானாவின் கர்னாலில் உள்ள உவர்மண் ஆராய்ச்சி நிறுவனம் சிஎஸ் 52, சிஎஸ் 54 போன்ற ரகங்களை எடுத்தது. நல்ல மண்ணில் போட்ட அட்டவணையை அங்கே கொண்டுபோய் விரித்தால் பயன் இல்லை.

எண்ண முடிவதெல்லாம் பிள்ளைக்குப் போகுமா

இன்னும் ஒரு முடிச்சு பாக்கி. காய் எண்ணிக்கைக்குத்தான் நேரடி விளைவு அதிகம் என்று தெரிந்துவிட்டது, சரி. இந்த வருஷம் அதிகம் காய்த்த செடியின் விதையை எடுத்து அடுத்த வருஷம் விதைத்தால் அதுவும் அதிகம் காய்க்குமா?

உறுதியில்லை. காய் எண்ணிக்கை இடம், உரம், தண்ணீர், பக்கத்துச் செடியின் நிழல் எல்லாவற்றுக்கும் ஆடும். பக்கத்தில் ஒரு செடி செத்திருந்தால்கூட இதற்குக் காய் கூடிவிடும். தாய்ச் செடியின் காய்ப்பு பாதி அதிர்ஷ்டமாக இருந்திருக்கலாம். ஆயிரம் விதை எடை அப்படி அலைபாயாது. திரண்ட விதை ரகம் பெரும்பாலும் எங்கே போட்டாலும் திரண்டே வரும். வருணா என்ற பழைய, பேர்பெற்ற ரகத்திலிருந்து திசு வளர்ப்பு முறையில் பூசா ஜெய் கிசான் என்ற ரகத்தை எடுத்தார்கள். தாய் ரகத்தைவிட அதன் விதை பெரிது, அந்தக் குணம் தலைமுறை தாண்டி நிற்கிறது.

ஆக, மகசூலுக்கு அதிகம் உழைக்கும் குணம் நம்பகம் குறைந்தது. நம்பகமான குணம் அவ்வளவு உழைக்காது. ரகம் உருவாக்குகிறவர்கள் இரண்டுக்கும் நடுவே பேரம் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் ஒரு புது ரகம் வெளிவர இத்தனை வருஷம், இத்தனை ஊர், இத்தனை பாத்தி.

எல்லாம் பேசி முடித்தபின் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. மார்கழிப் பட்டத்தில் போட்டிருக்கும் எங்கள் மல்லாட்டையிலேயே இதைச் செய்து பார்க்கலாம்: இருபது செடிக்கு அடையாளம் கட்டி, உயரம், கிளை, காய், பருப்பு எடை என்று குறித்து, கணக்குப் போடலாம். ஒரே ரகம் என்பதால் பிறவிக் குணம் தெரியாது, ஆனால் உயரத்தின் வரவும் செலவும் தெரியும். நூலும் நோட்டும் தயார். மறுநாள் காலை நாங்கள் கொல்லைக்குப் போவதற்குள் அப்பா முந்திக்கொண்டு ஐந்து செடிக்குச் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தார். பார்த்தால் ஐந்தும் வரப்போரம், மதமதவென்று நிற்கிறவை.

“தாத்தா, நீங்கதானே சொன்னீங்க!” என்று சிரித்துக்கொண்டே அவள் ஐந்தையும் அவிழ்த்தாள். பிறகு வரிசை எண், செடி எண் எழுதிய சீட்டுகளை அவர் துண்டிலேயே போட்டுக் குலுக்கி, அவரையே எடுக்கச் சொன்னாள்.